சூட்டில் செல்ஃப் எடுக்காத கார்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய கார், மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். 20 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். சில நேரம் அதுவும் இல்லை. விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. பானட்டைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் நிழலில் காத்திருந்தால் கிளம்பிவிடுகிறது. மறுநாள் காலை பட்டறைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் சரியாக எடுக்கிறது.

இப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் பழி செல்ஃப் மோட்டார் மேல்தான் விழும். கழற்றிப் புதிதாக ஒன்றைப் போடுவார்கள். புதிய சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) வலுவாக இருப்பதால் குறைந்த மின்னழுத்தத்திலும் சமாளித்துவிடும். அடுத்த சித்திரை வெயிலில் கோளாறு திரும்பி வரும். வாடகைக்கு ஓடும் வண்டியென்றால் ஓட்டுநருக்கு மோட்டார் செலவோடு அன்றைய சவாரியும் போகும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பல வண்டிகளில் உண்மையான பழுது துருப்பிடித்த எர்த் வயரிலோ (மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி) தேய்ந்த இக்னிஷன் சுவிட்சிலோதான் இருக்கிறது. வெப்பம் புதிதாகப் பழுதை உண்டாக்குவது குறைவு. ஏற்கெனவே ஒளிந்திருக்கும் பழுதை அது வெளியே கொண்டுவருகிறது. ஆகவே கோளாறு நிகழும் அந்த நேரத்திலேயே, வண்டி சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஆறிய வண்டியில் எடுத்த அளவை நம்பி மோட்டாரை மாற்றாதீர்கள்.

சூடு என்ன செய்கிறது

செல்ஃப் மோட்டாரின் உள்ளேயும், அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டின் உள்ளேயும் இருப்பவை செம்புக் கம்பிச் சுற்றுகள். வெப்பம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் செம்பின் மின்தடை ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். காலையில் 30 டிகிரியில் இருந்த கம்பிச் சுற்று, அதாவது காயில், 110 டிகிரிக்குப் போனால் தடை சுமார் 30 விழுக்காடு கூடிவிடும். அப்போது அதே மின்னழுத்தத்தில் பாயும் மின்னோட்டம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் காந்த இழுவையும் குறையும். சொலினாய்டு தன் இரும்புத் தண்டை உள்ளே இழுக்க முடியாமல் நின்றுவிடும். பாட்டரியிலிருந்து முழு மின்னழுத்தம் வந்துசேர்ந்தால் இந்தக் கால் பங்கு இழப்பை நல்ல சொலினாய்டு தாங்கிக்கொள்ளும். வழியில் இன்னும் ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்திருந்தால் தாங்காது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதைவிட அணைத்த பிறகுதான் செல்ஃப் அதிகம் சூடாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அணைத்ததும் ரேடியேட்டர் நீர் சுழல்வது நிற்கிறது, எதிர்க்காற்றும் இல்லை. இன்ஜின் கட்டையிலும் புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டிலும் தேங்கியிருக்கும் வெப்பம் பக்கத்திலிருக்கும் பாகங்களுக்கு ஏறுகிறது. அதனால்தான் பெட்ரோல் போட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்தால் கிளம்பும் வண்டி, 15 முதல் 40 நிமிடத்துக்குள் எடுத்தால் மறுக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் வெளிவெப்பமே 40 டிகிரியைத் தொடும் மதுரையில் இது இன்னும் மோசம். நெடுஞ்சாலையில் காற்று வாங்கி ஓடிவந்த வண்டியைவிட, ஏசியைப் போட்டுக்கொண்டு கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையிலோ, திருவிழா நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கமோ ஊர்ந்துவந்து நின்ற வண்டிக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். இன்ஜின் முன்னிருக்கைக்கு அடியில் அடைந்துகிடக்கும் ஆம்னி போன்ற வண்டிகளில் சூடு வெளியேறவும் நேரம் பிடிக்கும்.

கையில் வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், ஒரு ஜம்பர் கேபிள், சாவியைத் திருப்ப நம்பகமான ஒருவர். இவை போதும். கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மீட்டர் வயர்கள் ஃபேனிலும் பெல்டிலும் சிக்காதபடி ஒதுக்குங்கள். ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் திடீரென்று சுற்றும். இன்ஜின் கிளம்பாமல் செல்ஃப் மட்டும் சுற்ற வேண்டுமானால், எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம். ஒவ்வொரு முறையும் 10 வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். தொடர்ந்து சுற்றினால் நீங்கள் தேடும் வெப்பத்தை நீங்களே கூட்டிவிடுவீர்கள்.

முதலில் பாட்டரி. ஓடிவந்து நின்ற வண்டியில் பாட்டரி மேலோட்டமாக நிறைந்திருப்பதுபோல் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்த பிறகு அளவெடுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதிதான். பாதி பாட்டரியை வைத்துக்கொண்டு மற்றச் சோதனைகளைச் செய்தால் எல்லா அளவும் தவறான வழி காட்டும். வெயில் ஊரில் பாட்டரி சீக்கிரம் தேய்கிறது. மூடி திறக்கும் வகையென்றால் நீர்மட்டத்தையும் பாருங்கள், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

விளக்குகள் நன்றாக எரிகின்றன. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது மெலிந்த ஒரு ‘டக்’

சூட்டுக் கோளாறு என்று வரும் வண்டிகளில் அதிகம் குழப்புவது இதுதான். சற்று நின்று பார்ப்போம்.

சொலினாய்டில் இரண்டு பெரிய போல்ட்டுகளும் ஒரு சிறிய டெர்மினலும் இருக்கும். ஒரு பெரிய போல்ட்டுக்கு பாட்டரியிலிருந்து தடித்த கேபிள் வரும். இன்னொன்றிலிருந்து மோட்டாருக்குள் வயர் போகும். சிறிய டெர்மினலுக்குத்தான் சாவியைத் திருப்பும்போது மின்சாரம் வருகிறது; பல செல்ஃபுகளில் அதன் அருகே 50 என்ற எண் பொறித்திருக்கும்.

மீட்டரின் சிவப்பு முனையைச் சிறிய டெர்மினலிலும் கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதே நிலையில் பாட்டரியின் இரு முனைகளிலும் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் பழுது மோட்டாரில் இல்லை, அதற்கு வரும் வழியில்தான். பாட்டரியில் 12 வோல்ட் இருந்தும் சொலினாய்டுக்கு 9 மட்டுமே வந்துசேர்கிற வண்டிகள் உண்டு. தலைமடையில் நிறையத் தண்ணீர் ஓடியும் கடைமடை வயல் காய்வதுபோலத்தான் இது. வழியில் எங்கோ கரை உடைந்திருக்கிறது.

எங்கே உடைந்திருக்கிறது என்று பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும். பாட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டி, அங்கிருந்து இக்னிஷன் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் நிலையைப் பார்க்கும் சுவிட்ச், சில மேனுவல் வண்டிகளில் கிளட்ச் பெடல் சுவிட்ச், பிறகு இன்ஜின் பக்கம் போகும் கனெக்டர், கடைசியில் சொலினாய்டு. இத்தனை மூட்டுகளிலும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றால் ஒன்றிரண்டு வோல்ட் போய்விடும். பழைய வண்டிகளில் இக்னிஷன் சுவிட்சின் உள் காண்டாக்ட் கருகியிருப்பது சாதாரணம். ஆட்டோமேட்டிக் வண்டி ‘பார்க்’ நிலையில் எடுக்காமல் நியூட்ரலில் எடுத்தால் கியர் சுவிட்சைச் சந்தேகியுங்கள். அந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. கிளட்ச் சுவிட்சுக்கும் பெடலை நன்றாக அடிவரை மிதித்துப் பார்ப்பது போதும்.

சுவிட்சும் வயரும் பழசாகி வோல்ட் தின்னும் வண்டிக்கு நல்ல மருந்து ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச். சாவியிலிருந்து வரும் பழைய வயர் இனி சொலினாய்டின் சுமையைத் தாங்க வேண்டாம். ரிலேயைத் தூண்டினால் மட்டும் போதும். 40 ஆம்பியர் தாங்கும் சாதாரண நான்கு பின் ரிலேயில், 86-ஆம் பின்னுக்குப் பழைய செல்ஃப் வயர், 85-க்கு எர்த், 30-க்கு பாட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த புது வயர், 87-லிருந்து சொலினாய்டின் சிறிய டெர்மினலுக்கு அதே தடிமனில் வயர். ஃபியூஸை பாட்டரிக்கு அருகிலேயே வையுங்கள். ரிலேயைச் சைலன்சர் பக்கம் மாட்டாமல் ஃபெண்டரின் உட்புறம், காற்றுப் படும் இடத்தில் மாட்டுங்கள். அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப், மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிறு வேலை புது மோட்டாரைவிட அதிகப் பலன் தரும் என்று துணிந்து சொல்வேன். பிற்கால வண்டிகள் பலவற்றில் தயாரிப்பாளரே செல்ஃப் ரிலே வைத்திருப்பார். அங்கே புதிதாக வயர் இழுக்காமல், ரிலேயையும் அதன் சாக்கெட் பச்சை பிடித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பட்டன் அழுத்திக் கிளப்பும் வண்டியில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வயரை வெட்டி ஒட்டவே வேண்டாம்.

சரி, சிறிய டெர்மினலுக்கு முழு மின்னழுத்தம் வருகிறது, ஆனாலும் சொலினாய்டு பேசவில்லை என்றால்? அப்போதும் உடனே காயிலைக் குறை சொல்லாதீர்கள். சொலினாய்டுக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு: தண்டை இழுக்க ஒன்று, இழுத்ததைப் பிடித்துவைக்க மற்றொன்று. இழுக்கும் சுற்று எர்த்தை மோட்டாரின் உள்ளே, கார்பன் பிரஷ் வழியாகவே அடைகிறது. பிரஷ் தேய்ந்து, சுழலும் பாகமான ஆர்மேச்சரைத் தொடாமல் நின்றால், சொலினாய்டு நன்றாக இருந்தும் இழுக்காது. சுத்தியலின் மரப்பிடியால் செல்ஃபின் உடம்பில் லேசாகத் தட்டியதும் எடுத்தால் பெரும்பாலும் பிரஷ்தான். அதற்குப் பிரஷ் செட் மட்டும் மாற்றினால் போதும். தட்டிக்கொண்டே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்; நிரந்தரக் காந்தம் வைத்த சிறிய மோட்டார்களில் ஓங்கித் தட்டினால் காந்தம் உடைந்துபோகும்.

மின்னழுத்தமும் சரி, பிரஷும் சரி, எர்த்தும் சரி. சூட்டில் மட்டும் இழுக்கவில்லை. அப்போதுதான் சொலினாய்டை மாற்றும் முடிவுக்கு வரலாம்.

கனத்த ‘டக்’ கேட்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை

சொலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. உள்ளே இருக்கும் செம்புத் தட்டு இரண்டு பெரிய போல்ட்டுகளையும் இணைக்க வேண்டும். அந்த முகப்புகள் கருகியிருக்கலாம். மீட்டரின் இரு முனைகளையும் இரண்டு பெரிய போல்ட்டுகளில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். இணைப்பு நல்லதாக இருந்தால் 0.3 வோல்ட்டுக்குள் காட்டும். 12-ஐ ஒட்டிக் காட்டினால் செம்புத் தட்டு தொடவில்லை என்று பொருள். திறக்க முடிகிற சொலினாய்டு என்றால் தட்டைத் திருப்பிப் போட்டும் முகப்பைத் தேய்த்தும் சரிசெய்யும் ரீவைண்டிங் கடைக்காரர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை நல்ல வேலை. புதுசு வாங்கு என்று சொல்வதற்கு முன் அவர்களிடம் ஒரு முறை காட்டுங்கள்.

‘டகடகடக’ என்று விடாமல் அடிக்கிறது

பாட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் தளர்வு. சொலினாய்டு இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து, பிடி விட்டு, மறுபடி இழுக்கிறது. டெர்மினலைக் கழற்றி, வெந்நீரில் சோடா உப்புக் கரைத்துக் கழுவி, பளபளக்கத் தேய்த்து இறுக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் பாட்டரிக் கடையில் சுமை ஏற்றிப் பார்க்கும் லோட் டெஸ்ட். இன்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்பதையும் பாருங்கள். வரவில்லையென்றால், பாட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கவனிக்காமல் போடும் புது பாட்டரியும் இப்படியே ஆகும்.

சுற்றுகிறது, ஆனால் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது

செல்ஃப் சுற்றும்போது பாட்டரி முனைகளிலேயே அளவெடுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் ஒன்று பாட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எது என்று உடனே தெரியும். சிறிய பெட்ரோல் கார் ஏறத்தாழ 100 முதல் 150 ஆம்பியர் இழுக்கும். டீசல் வண்டி அதைவிட நன்றாகவே கூடுதலாக இழுக்கும். சின்னப் பெட்ரோல் வண்டி 200-ஐத் தாண்டி இழுத்தால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் சுற்றுச் சுவரில் உரசுகிறது என்று ஐயப்படலாம். இரும்பு சூட்டில் விரிந்ததும் அந்த உரசல் கூடும்; காலையில் தெரியாதது மதியம் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாட்டரியில் 10.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஆனாலும் மந்தம் என்றால் கேபிள்களைப் பாருங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து சொலினாய்டின் பெரிய போல்ட் வரை, சுற்றும்போது, 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. நெகட்டிவ் முனையிலிருந்து செல்ஃபின் உடம்பு வரை 0.2 அல்லது மிஞ்சினால் 0.3.

எர்த் பக்கத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் நடுவே ஒரு பட்டை வயர்தான் பாலம். கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கியவர் திரும்ப மாட்ட மறப்பது, பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே முடுக்கிவிடுவது, எண்ணெய் ஊறிப் பச்சை பிடித்துப்போவது எல்லாம் நடக்கின்றன. பட்டை இல்லாவிட்டால் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாக ஓடப் பார்க்கும். அந்தக் கேபிள்கள் கைபடும்போது சுட்டால் இதுதான் சேதி. சோதனை எளிது. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டுச் செல்ஃபைப் போடுங்கள். சட்டென்று வேகமெடுத்தால் பழுதைப் பிடித்துவிட்டீர்கள். ஒரு புதுப் பட்டை வயரும் உப்புத்தாளும் அதற்குப் போதும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு இன்னொரு சோதனை. இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அளவுக்கு மீறி முன்னதாக வைக்கப்பட்டிருந்தால், சூட்டில் பிஸ்டன் மேலே வருவதற்குள் தீப்பிடித்து இன்ஜின் எதிர்த்து உதைக்கும்; செல்ஃப் விக்கி விக்கிச் சுற்றும். இக்னிஷன் காயில் வயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் டைமிங்கைச் சரிசெய்யுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இது செல்ஃபின் குற்றமே இல்லை. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டு ஆறவைக்கும் பழைய ஓட்டுநர்களின் வழக்கம் அதற்குச் சரியானதே. இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜின் சுற்றுவதை உணரும், சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். சுற்றும்போது இன்ஜின் வேகம் காட்டும் டாக்கோமீட்டர் முள் அசையாமல் கிடப்பது அதற்கு ஓர் அடையாளம். சாவி வடிவ விளக்கு டாஷ்போர்டில் சிமிட்டினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர்தான் காரணம்.

மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை

மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் பல்சக்கர அமைப்பான பெண்டிக்ஸ் வழுக்குகிறது. மாற்ற வேண்டியதுதான். இதற்கு நேர்மாறாக, இன்ஜின் கிளம்பிச் சாவியை விட்ட பிறகும் செல்ஃப் கத்திக்கொண்டே இருந்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்ஜினை அணைத்தும் நிற்காவிட்டால் உடனே பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வயர் தீப்பிடிக்கக்கூடிய நிலை அது.

சூட்டைத் தடுப்பது

மின்பாதை முழுவதும் சரியான பிறகே இந்தப் பக்கம் வாருங்கள். செல்ஃபுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தயாரிப்பாளர் வைத்த தகடு இருக்கிறதா? பழைய வேலையில் கழற்றியவர் போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று தூக்கிப்போட்டிருக்கலாம். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதினால் சுடுபுகை நேரே செல்ஃப் மேல் பாயும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் ‘டிக் டிக்’ என்று கேட்டுச் சூடேறியதும் மறைவது அதன் அடையாளம். வால்வு கவரிலிருந்து ஒழுகும் எண்ணெய் செல்ஃபில் இறங்கினால் பிரஷ் சேறாகிவிடும். அலுமினியப் பூச்சுள்ள கண்ணாடியிழை உறையைக் கேபிளுக்கும் சொலினாய்டுக்கும் போடலாம். ஆனால் ஏற்கெனவே சூடாகும் மோட்டார் முழுவதையும் இறுகச் சுற்றினால் அதன் சொந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். வெப்பம் வரும் பக்கத்தில் மட்டும், சற்று இடைவெளி விட்டுத் தகடு மாட்டுவது மேல்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்

ஆண்டிபட்டிக் கணவாயிலோ கொடைக்கானல் ஏற்றத்திலோ நிறுத்த நேர்ந்தால், சந்தேகமுள்ள வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். மேனுவல் வண்டியைச் சாவியை ஆன் செய்து, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்து, உருளவிட்டுக் கிளட்சை விட்டால் எடுக்கும். இன்ஜின் பிடிக்கும்வரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாக இருக்கும். மலைச்சாலையில் நேரான, காலியான இறக்கம் இல்லையென்றால் இதில் இறங்கவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டியை இப்படிக் கிளப்ப முடியாது. மற்றபடி பானட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் பொறுத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஏசி, பாட்டு, விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும்.

இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். சூடான செல்ஃப் மேலும் மேனிஃபோல்டு மேலும் குடத்து நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும், மோட்டாருக்குள் நீரும் புகும். ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டு போல்ட்டுகளை இணைத்துக் கிளப்புவது அதைவிட ஆபத்து. கியரில் இருக்கும் வண்டி அப்படியே முன்னால் நிற்பவர் மேல் ஏறியிருக்கிறது, தீப்பொறி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கவும் செய்யும்.

பட்டறையில் விடும்போது, எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், நிறுத்தி எத்தனை நிமிடம் கழித்துக் கோளாறு வந்தது, என்ன சத்தம் கேட்டது, சூட்டில் எடுத்த அளவுகள் என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து 20 நிமிடம் நிறுத்தி, மெக்கானிக் முன்பாகவே எர்த் பக்க இழப்பையும் சிறிய டெர்மினல் மின்னழுத்தத்தையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எர்த்தில் 0.3-க்கு மேலோ, சிறிய டெர்மினலில் பாட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவோ காட்டினால், இன்னும் ஒரு மூட்டு பாக்கியிருக்கிறது. அதை முடித்த பிறகு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.